மகாதேவ சாமி நடக்க மறுத்த தெரு

பிசியோதெரபி படித்து முடித்து இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நான் ஓய்வு பெற்ற பிறகு நம் துறைக்குள் எத்தனையோ புது இயந்திரங்கள் வந்து இறங்கியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். நல்லது. நான் சேர்ந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு நீளமான வராந்தா, சில மர பெஞ்சுகள், அப்புறம் என் வாய். என் வாயைப் பற்றி ஆஸ்பத்திரியில் இரண்டு வகை அபிப்பிராயம் உண்டு. ஆனால் நெஞ்சைப் பிளந்து தைத்த மனிதர்கள் அந்த வாய்க்குப் பயந்தாவது கட்டிலை விட்டு இறங்கி நடந்தார்கள். அதில் எனக்குப் பெருமைதான். இந்த வயதில் அடக்கம் காட்டி என்ன ஆகப்போகிறது?

என் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கம். வீட்டிலும் சபையிலும் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். அதனால் திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குத் தமிழ் பேசும் நோயாளி யார் வந்தாலும் “கிரேஸ் மேடத்திடம் அனுப்பு” என்பார்கள். பெரிய கோயிலைச் சுற்றியிருக்கும் கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் இருப்பவர்களும் வருவார்கள், திருநெல்வேலியிலிருந்து ஓட்டல் வேலைக்கு வந்தவர்களும் வருவார்கள். இரண்டு தரப்புக்கும் என் தமிழ் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். சிரித்துக்கொண்டே நடப்பார்கள், எனக்கு அது போதும்.

தொண்ணூறுகளில் இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகிறவரிடம் சுற்றியிருந்த எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ரெஸ்ட் எடுங்கள். வீட்டார் அதை இனி ஆயுசுக்கும் அசையக் கூடாது என்று எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் டம்ளரைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, நல்ல மனிதரை நோஞ்சானாக்கி, பிறகு எங்களிடம் கூட்டிவந்து “என்னமோ தேறவே மாட்டேங்கிறார்” என்பார்கள். நான் எங்கள் சர்ஜனிடம் போய், ஓ.பி. தொடங்குவதற்கு முன் தரைத்தள வராந்தாவைக் காலையில் எனக்குக் கொடுங்கள், இவர்களை ஒன்றாக நடக்கவைக்கிறேன் என்று கேட்டேன்.

“யாராவது விழுந்துட்டா?” என்றார்.

“விழுந்தா ஆஸ்பத்திரிக்குள்ள தானே சார் விழுவாங்க. வேற எங்க விழுந்தா நல்லதுன்னு நெனைக்கீங்க?”

சிரித்துவிட்டார். வராந்தா கிடைத்தது. அப்படித்தான் எங்கள் நடை வகுப்பு தொடங்கியது. இன்று நீங்கள் பெரிய பெயர் வைத்து, தனி அறையில் நடத்துகிற விஷயம் அதுதான். அந்த வராந்தாவில் நடந்து தேறியவர்கள் இந்த ஊரில் எந்தத் தெருவில் என்னைக் கண்டாலும் நின்று கும்பிடுவார்கள். என்னோடு கடைக்கு வருவதை என் மகள் அதனாலேயே விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பன்றிக்காய்ச்சல் வந்தது. உலகம் முழுக்கப் பரவிய தொற்று. பின்னால் வந்த பெரிய தொற்றின்போது நீங்களே மாணவர்களாக வார்டில் நின்றவர்கள், ஆகவே பயம் எப்படிப் பரவும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பூனாவில் சாவு என்று டி.வி.யில் வந்த அன்றே கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் முகத்தில் கைக்குட்டை ஏறிவிட்டது. எங்கள் வராந்தாவின் ஒரு முனையில் காய்ச்சல் பிரிவைத் திறந்தார்கள். அப்புறம் அங்கே இதய நோயாளிகளை வைத்து வகுப்பு நடத்த முடியுமா? மூடினோம். வீட்டுப் பக்கத்திலேயே தினமும் நடங்கள், வெளியே போனால் மாஸ்க் போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி அனுப்பினோம்.

முக்கால்வாசிப் பேர் நடக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு துறை போனில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தேன். பாங்கு அதிகாரி ஒருவர் மியூசியம் வளாகத்தில் நடந்தபோது எதிரே வந்தவர் தும்மினாராம், அன்றோடு விட்டுவிட்டார். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருக்கு துபாயிலிருந்து மகள் தினமும் போன்: “அம்மா, வெளிய போகலியே?” போகலை என்று சொன்னால் மகளுக்கு நிம்மதி, அந்த நிம்மதிக்காக அம்மா வாசலைத் தாண்டுவதில்லை. இன்னொருவருக்குக் கூட நடக்கிற நண்பர் நின்றுவிட்டார். தனியாகப் போனால் நாய் குரைக்கிறது என்றார். விழிஞ்ஞத்தில் மீன் ஏலம் எடுக்கும் பத்ரோஸ் மட்டும் ஒருநாள் விடாமல் நடந்துகொண்டிருந்தார்.

“வள்ளம் கரைக்கு வரும்போ நான் போகாண்டாமா மேடம்? மீனு வந்து என் வீட்டுக் கதவைத் தட்டுமா?” என்று என்னையே கேட்டார்.

நான் படித்த புத்தகங்களில் மூட்டு இருந்தது, தசை இருந்தது, மூச்சுக்கணக்கு இருந்தது. துபாய் மகளும், நாயும், நின்றுபோன நண்பரும், கரைக்கு வருகிற வள்ளமும் எந்த அத்தியாயத்திலும் இல்லை. ஒரு மனிதர் தொற்றுக்காலத்தில் நடப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பது பெரும்பாலும் அவருடைய கால் அல்ல என்று எனக்கு அந்த வாரம்தான் உறைத்தது.

எத்தனை தடவை கூப்பிட்டும் போனை எடுக்காத ஒரே ஆள் மகாதேவ சாமி.

கோட்டைக்குள் அக்கிரகாரத் தெரு ஒன்றில் இருந்தார். கல்யாணச் சமையற்காரர், ஐம்பது தாண்டியவர். ஒரு கோஷ்டியே அவர் பின்னால் நிற்கும். தெருவில் முகூர்த்தம் குறித்தால் மண்டபத்துக்குச் சொல்வதற்கு முன் அவரிடம் சொல்வார்கள். அந்த வருஷம் கோடை முகூர்த்தங்கள் முடிந்த கையோடு அவருக்கு பைபாஸ் ஆயிற்று. ஆபரேஷன் முடிந்து ஊரின் இன்னொரு பக்கம், பேரூர்க்கடையில் மைத்துனர் வீட்டில் தங்கி, அங்கிருந்து தினமும் ஆட்டோவில் எங்கள் வகுப்புக்கு வந்தார். அந்த வருஷத்து வகுப்பில் முதல் ராங்க் அவருக்குத்தான். நடந்துகொண்டே அவியலில் தேங்காயெண்ணெய் எப்போது ஊற்ற வேண்டும் என்று விளக்குவார். எண்ணெயைக் குறைக்கச் சொல்லி நாங்கள் மிரட்டி வைத்திருந்த அத்தனை பேரும் அவர் பின்னாலேயே வாயூற நடப்பார்கள். அவரை வைத்தே மற்றவர்களின் வேகத்தை நான் கூட்டிவிடுவேன்.

வகுப்பை மூடிய அந்த வாரம்தான் அவர் கோட்டைக்குள் தன் வீட்டுக்குத் திரும்பினார். சில வாரம் கழித்து அவர் மனைவி சரஸ்வதி மாமி போன் செய்தார்.

“மேடம், அவர் கட்டிலை விட்டு எழுந்திருக்கறதே இல்லே கேட்டேளா. குளிமுறிக்குப் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்கறது. எப்பவும் ஷீணம் ஷீணம்னு கெடக்கார். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை.”

உடனே ஆட்டோவில் கூட்டிவரச் சொன்னேன். ஈ.சி.ஜி. எடுத்தோம், எக்கோ பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. சர்ஜன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, “ஹார்ட் ஜோரா இருக்கு. ஆள்தான் படுத்துட்டார். இப்படியே விட்டா எந்த வேலைக்கும் உதவ மாட்டார். இனி உங்க பாடு” என்றார். சாமியிடம் ஏன் நடக்கவில்லை என்று கேட்டேன். பன்றிக்காய்ச்சல் பயம் என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஐப்பசியில் அதே தெருவில் ஒரு பெரிய கல்யாணம். தெரு அசோசியேஷன் செக்ரட்டரி, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், தன் மகள் கல்யாணச் சமையலை ஆபரேஷனுக்கு முன்பே சாமியிடம் ஒப்படைத்திருந்தார். அதை நடத்த முடியாமல் போனால் கோஷ்டி வேறு ஆளிடம் போய்விடும், பிறகு இவரை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். பேரூர்க்கடையில் பம்பரமாகச் சுற்றியவர் கோட்டைக்குள் வந்ததும் ஏன் படுத்தார்? அதே நெஞ்சு, அதே கால். மாறியது தெரு மட்டும்தான். போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை டியூட்டி முடிந்ததும் கிளம்பினேன்.

தெருவுக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆஸ்பத்திரிப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக நான் சாமி வீட்டுப் படியேறியதும் எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. சாமி பின்கட்டில் ஒரு கட்டிலில் சட்டை போட்டுக்கொண்டு படுத்திருந்தார். அந்தத் தெருவில் வீடுகள் எல்லாம் ரயில்பெட்டி மாதிரி நீளம். வாசலிலிருந்து கிணற்றடி வரை நாலு நடை நடந்தாலே போதும், வெளியே போகவே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஆகட்டும் மேடம்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமி என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனார். குரலைத் தாழ்த்தி, “இவர் பூனாக்குப் போயிருந்தார்னாக்கும் தெருவில சொல்லி வெச்சிருக்கோம்” என்றார்.

“பூனாவுக்கா? எதுக்கு?”

“பையன் அங்கேதானே இருக்கான். நெஞ்சில கத்தி வெச்சுதுன்னு சொன்னா யார் கல்யாணச் சமையலுக்குக் கூப்பிடுவா? நடுப்பந்தியில விழுந்துட்டா என்ன பண்றதுன்னு யோசிப்பாளோன்னோ? அதான் பையன் ஆத்துல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்னு சொல்லிட்டுக் கெளம்பினார். அப்போ பூனாவில இப்படி ஒரு காய்ச்சல் வரும்னு யார் கண்டா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் மாமி அழுதுகொண்டிருந்தார். ஊரில் வேறு எந்தப் பொய்யைச் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்பார்கள். பூனாவிலிருந்து திரும்பியவர், ஆள் மெலிந்திருக்கிறார், நாலு அடிக்கு ஒரு தடவை நிற்கிறார், போதாக்குறைக்கு நாங்கள் சொன்னபடி முகத்தில் மாஸ்க். வீட்டுக்குத் திரும்பிய முதல் நாள் அந்தக் கோலத்தில் அவர் நடக்க இறங்கியதும் இது பன்றிக்காய்ச்சல்தான் என்று தெரு முடிவு கட்டிவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே போனார்கள். பால்காரர் பாலைப் படிக்குக் கீழேயே வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். ஒரு பூணூல் கல்யாணத்துக்குச் சொல்லியிருந்தவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்க் இல்லாமல் நடக்கலாம் என்றால் ஆஸ்பத்திரியில் போடச் சொன்னதாயிற்றே என்று மாமி விடவில்லை. முன்னறையில் நடந்தால் ஜன்னல் வழியாக எதிர்வீட்டில் பார்க்கிறார்கள். கடைசியில் மனிதர் பின்கட்டில் போய் விழுந்துவிட்டார்.

மாமி இதைச் சொல்லி முடிக்கவில்லை, வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஹெல்த் இன்ஸ்பெக்டர். பின்னால் செக்ரட்டரி, அவருக்கும் பின்னால் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு தெருக்காரர்கள் சிலர். நான் வாசலுக்குப் போனேன். போனது தப்பாகிவிட்டது. என் அடையாள அட்டையைப் பார்த்ததும் செக்ரட்டரிக்கு எல்லாமே உறுதியாகிவிட்டது.

“பார்த்தேளா சார், ஆஸ்பத்திரியிலேர்ந்தே ஆள் வந்திருக்கா! பூனா கேஸ்தான், நான் சொல்லலை? தெருவில சின்னக் குழந்தைகள் எல்லாம் இருக்காளாக்கும்.”

இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். தன் வேலையைத்தான் செய்தார். “மேடம் ஏது டிபார்ட்மெண்ட்? இவருக்கு என்னவாக்கும் அசுகம்? மேடம் சொன்னா மதி, வேற ஒண்ணும் வேண்டாம். சம்சயம்னா தனி வார்டுக்குக் கொண்டுபோகணும், அதாக்கும் ஆர்டர்” என்றார்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ‘இவர் பூனாவுக்கே போகவில்லை, பைபாஸ் ஆனவர், என் நோயாளி’ என்று நான் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் ஜீப் திரும்பிப் போய்விடும். சொல்லாவிட்டால், நெஞ்செலும்பு இப்போதுதான் கூடிக்கொண்டிருக்கிற மனிதரை உண்மையான காய்ச்சல்காரர்கள் நடுவில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பார்கள். அங்கே அவருக்கு நிஜமாகவே தொற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வாக்கியம் என்னுடையது அல்ல. அவர் மனைவியும் அவரும் சேர்ந்து, சரியோ தப்போ, பொத்திப் பொத்தி வைத்திருந்த விஷயம். வாசலில் கூட்டம் கூடிவிட்டது என்பதற்காக அதை எடுத்து நடுத்தெருவில் போட எனக்கு யார் உரிமை கொடுத்தது?

வாய் துறுதுறுத்தது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். “அவர் உள்ள இருக்கார். அவரே வந்து சொல்லுவார். கொஞ்ச நேரம் குடுங்க சார்” என்று மட்டும் சொன்னேன்.

“ஏன், நீங்க சொல்லப்படாதோ?” என்றார் செக்ரட்டரி.

“சொல்லப்படாது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

சாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். “மேடம், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கோ. சாதாரண ஜலதோஷம், பயப்படாண்டாம்னு சொல்லிட்டாப் போரும். நீங்க சொன்னா கேப்பா.”

“பொய் சொல்ல மாட்டேன் சாமி. உங்க விஷயத்தையும் உங்க சம்மதம் இல்லாம வெளிய சொல்ல மாட்டேன். ரெண்டும் என்னால முடியாது. நீங்க சொல்லச் சொன்னீங்கன்னா இப்பவே போய்ச் சொல்லுதேன். இல்லேன்னா நீங்க வந்து சொல்லணும். சும்மா இருந்தீங்கன்னா அவங்க கூட்டிட்டுப் போயிருவாங்க, அதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்ல கேட்டியளா.”

தலையைக் குனிந்துகொண்டார். “அம்பது குடும்பம் என் கையால சாப்பிட்டுக் கல்யாணம் பண்ணியிருக்கு. சீக்காளின்னு தெரிஞ்சா அப்புறம் நான் யார்?” என்றார்.

அப்போதுதான் கதவோரம் நின்ற மாமி வாயைத் திறந்தார். வாசலில் நிற்பவர்களுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்கிற குரல்.

“அந்த ஐ.சி.யு. வாசல்ல நான் ஒத்தையாக்கும் உக்காந்துண்டிருந்தேன். நீங்க பொழைப்பேளோ மாட்டேளோன்னு தெரியாம. இந்தத் தெருவில நான் வாழ்க்கைப்பட்டு வந்து இத்தனை வருஷம் ஆச்சு. ஒருத்தி தோள்ல சாஞ்சு அழக்கூட முடியலே. ஏன்னா நீங்க பூனாவில சௌக்கியமா இருக்கேளே! போன்ல கேக்கறவா கிட்டே அங்கே குளிர் ஜாஸ்தின்னு கதை சொல்லிண்டு உக்காந்திருந்தேன். இனிமே என்னால முடியாது.”

சாமி மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு விஷயம் இருக்கிறது என்று அவருக்கு அதுவரை தோன்றியே இருக்காது. பிறகு சட்டைப் பொத்தானை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றிய சட்டையைக் கொடியில் போட்டார். துண்டை எடுத்துத் தோளில் போடப்போய், போடாமல் மாமி கையில் கொடுத்துவிட்டார்.

“வாங்கோ மேடம்” என்றார்.

அந்தத் தெருவில் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் போவது புதிது அல்ல. கோயிலுக்குள் அப்படித்தான் போக வேண்டும், அடுப்படியில் நிற்பதும் அப்படித்தான். இவர் மட்டும்தான் திரும்பி வந்ததிலிருந்து கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு கோயில் பக்கமே போகாமல் இருந்தார். இப்போது நெஞ்சின் நடுவில் மேலிருந்து கீழ்வரை தழும்பு எழும்பித் தெரிய, வெள்ளை வேட்டியோடு வாசற்படியில் வந்து நின்றார்.

எதிரே நின்றவர்கள் மூக்கிலிருந்த துண்டு தானாகக் கீழே இறங்கியது.

“நான் பூனாக்கே போகலை” என்றார் சாமி. “நெஞ்சைப் பொளந்து ஆபரேஷன். ஊரிலேயேதான் இருந்தேன். சொல்றதுக்கு லஜ்ஜையா இருந்தது. அதாக்கும் விஷயம்.”

இன்ஸ்பெக்டர் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. சளி இல்லை, இருமல் இல்லை. என் பக்கம் திரும்பினார். சாமி தலையசைத்து அனுமதி கொடுத்த பிறகே நான் வாயைத் திறந்து, எந்தப் பிரிவு, எப்போது ஆபரேஷன் என்று சொன்னேன். இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கூட்டம் கலையவில்லை. செக்ரட்டரி தெருக்கோடியில் தன் வீட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டு இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. சாமி அந்த வீட்டைக் காட்டி என்னைக் கேட்டார்: “மேடம், அதுவரைக்கும் நடந்தா ஆபத்து ஒண்ணும் இல்லையே?”

அதுதான் எனக்கு அந்த நாளின் இரண்டாவது சோதனை. வாரக்கணக்கில் படுத்துக் கிடந்த உடம்பு. பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டால் தெருவே ‘பார்த்தாயா, முடிந்தது இவர் கதை’ என்று சொல்லிவிடும். வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்வது எனக்குப் பத்திரம். ஆனால் எக்கோவை நானே பார்த்திருந்தேன். நாடியைப் பிடித்துப் பார்த்தேன், சீராக இருந்தது. வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தினால் அந்தத் தெரு அவரை ஒன்றும் செய்யாது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“நடங்க. பேசிட்டு நடக்காதீங்க. மூச்சு வாங்கினா நில்லுங்க. நிக்கறதுல ஒரு குறைச்சலும் இல்ல. யார் பாத்தாலும் நில்லுங்க.”

நடந்தார். நான் பக்கத்திலேயே போனேன், கையைப் பிடிக்கவில்லை. வலது பக்கம் ஒரு ஜன்னல் திறந்தது. யாரோ “அய்யோ பகவானே” என்று மெல்லச் சொன்னது கேட்டது. பாதி தூரத்தில் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நானும் நின்று, அந்தக் கம்பத்தில் என்ன வேலைப்பாடு என்று பார்க்கிறவள் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு அடங்கியதும் மறுபடி கிளம்பினார். செக்ரட்டரி வீட்டு வாசல்வரை போய் நின்றார்.

செக்ரட்டரி அந்தத் தழும்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கத்தி வெச்ச உடம்போட இப்படி நடக்கலாமோ?” என்று கேட்டார்.

“நடக்கணுமாக்கும்” என்றார் சாமி. “ஒம்ம மக கல்யாணத்துக்கு வேற ஆளைப் பாக்கறதா இருந்தா இப்பவே சொல்லிடும். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லே.”

செக்ரட்டரி கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். “ஆறு மாசமா எனக்கும் படியேறினா நெஞ்சு ஒரு மாதிரி பிடிக்கறது ஓய்” என்றார். “ஆத்துல இன்னும் சொல்லலை.” அதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை அவர் எங்கள் ஓ.பி.யில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் சர்ஜனிடம் போய், ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில், விடிகாலையில், ஒருவருக்கொருவர் தள்ளி நடந்தால் மாஸ்க் அவசியம் இல்லை என்று சண்டை போட்டு ஒப்புக்கொள்ளவைத்தேன். நடை வகுப்பை வராந்தாவிலிருந்து தூக்கி அந்தத் தெருவிலேயே போட்டேன். தும்மலுக்குப் பயந்த பாங்கு அதிகாரி வந்தார். டீச்சரின் துபாய் மகளோடு நானே போனில் பேசினேன், அவரும் வந்தார். பத்ரோஸ்கூட ஒருநாள் வேடிக்கை பார்க்க விழிஞ்ஞத்திலிருந்து வந்து, “சாமீ, உங்க தையல் நல்லதா, என் தையல் நல்லதா?” என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். செக்ரட்டரி, டாக்டர் அனுமதி கொடுத்த பிறகு, எல்லோருக்கும் முன்னால் நடப்பார். மாமிக்கு வாசலில் நின்று பேச நாலு பெண்கள் வந்துவிட்டார்கள். ஆபரேஷன் கதையை முதலிலிருந்து சொல்லிச் சொல்லி மாமியின் தொண்டை கட்டிப்போயிற்று.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். நோயாளி நடக்கவில்லை என்றால் சோம்பல் என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடாதீர்கள். தொற்றுக்குப் பயம் என்று அவர் சொன்னாலும் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவருடைய வீட்டுக்குப் போங்கள். யார் பார்க்கிறார்கள், யார் கூட வருகிறார்கள், யாருடைய போன் வருகிறது, எதை மறைக்கிறார் என்று பாருங்கள். தெரிந்துகொண்ட பிறகு வாயை மூடிக்கொள்ளவும் தெரிய வேண்டும். நடக்கவைக்கிற திறமையை உங்களுக்குக் கல்லூரியில் கற்றுக்கொடுத்திருப்பார்கள், மற்றதை நீங்களேதான் பழகிக்கொள்ள வேண்டும்.

ஐப்பசியில் அந்தக் கல்யாணம் நடந்தது. காய்ச்சல் பயம் அதற்குள் தணிந்திருந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. போனேன். சாமி கரண்டி பிடிக்கவில்லை, உருளியைத் தூக்கவும் இல்லை. அதற்கெல்லாம் கோஷ்டியில் ஆள் இருந்தது. ஆனால் அடுப்படிக்கும் பந்திக்கும் நடுவில் அவர்தான் போய் வந்துகொண்டிருந்தார், மேலே துண்டுகூட இல்லாமல். எனக்கு இலை போட்டு, போளி வைத்து, அதன்மேல் பால்பாயசம் ஊற்றினார்கள். பக்கத்து இலையில் இருந்த ஓர் அம்மாள் தன் உறவுக்காரியிடம், “இவர்தான் எங்க தெரு மகாதேவன். நெஞ்சைத் தொறந்து தெச்சவராக்கும்” என்று தன் சொந்தத் தம்பியைச் சொல்வதுபோலப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சாப்பிடுவதை விட்டுவிட்டு அவர் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்கவில்லை. தோள் நிமிர்ந்திருந்தது. கால் ஒரே சீராக விழுந்தது. மூன்றாவது பந்தி ஆகியும் மனிதர் ஓயவில்லை. என் இலைக்கு முன்னால் வந்தபோது நிறுத்தினேன்.

“சாமி, போதும். கொஞ்சம் உட்காருங்க.”

எத்தனையோ பேரிடம் எத்தனையோ வருஷம் எழுந்திரு, நட என்றே சொல்லிவந்தவள் நான். உட்காருங்கள் என்று ஒரு நோயாளியிடம் கெஞ்சியது அன்றுதான்.

“இன்னும் ரெண்டு பந்தி பாக்கி இருக்கு மேடம்” என்று சொல்லிவிட்டு அவர் நடந்து போய்விட்டார்.